ஞானத்தாய் யார் என்று பாருங்கள்: அமெரிக்க ஜெர்மன் குடும்பங்களின் வேர் தேடுவோருக்குக் கேள்வி பதில்

பென்சில்வேனியாவுக்கு வேலைக்கு வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. சனிக்கிழமைகளில் ஆவணக்காப்பகத்தில் உட்கார்ந்து பழைய சர்ச் பதிவேடுகளைப் படிப்பது என் பழக்கம். 1700களில் இங்கே குடியேறிய ஜெர்மன்காரர்களின் வம்சம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மருமகள் வீட்டார், "நாங்கள் பாலட்டின்காரர்கள், 1710ல் நியூயார்க் வந்தோம்" என்கிறார்கள். பாலட்டினேட்டில் எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாலட்டினேட் என்பது ஜெர்மனியில் ரைன் நதியோரப் பகுதி. ஆனால் முதலில் அந்தப் பெயரை அப்படியே நம்பாதீர்கள், அக்கா. 1709ல் கடும் பனிக்கும் போருக்கும் தப்பி, ரைன் நதிக்கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் லண்டன் வந்து சேர்ந்தார்கள். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ஆங்கிலேயருக்கு அவர்கள் 'பாலட்டின்'தான். பிற்காலத்தில் பூர்வகுடிகளுக்கும் காலனி அரசுக்கும் நடுவே பேசிப் புகழ்பெற்ற கான்ராட் வெய்சர் அப்படி வந்த சிறுவன். அவர் குடும்பம் வூர்ட்டம்பெர்க்கைச் சேர்ந்தது. உங்கள் சம்பந்தி வீடும் ஹெஸ்ஸே பகுதியிலிருந்தோ நாஸ்ஸாவ் பகுதியிலிருந்தோ வந்ததாக இருக்கலாம்.

1710ல் சுமார் 3,000 பேரை நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். ஹட்சன் நதிக்கரையில் முகாம் போட்டு, கடற்படைக்குத் தார் காய்ச்ச வைத்தார்கள். அந்தத் திட்டம் படுத்துவிட்டது. ஆனால் ரேஷன் கொடுத்த கணக்கு ஆளுநர் ஹன்டரின் பட்டியல்களாகத் தப்பியிருக்கிறது: குடும்பத் தலைவர் பெயர், பெரியவர்கள் எத்தனை, பத்து வயதுக்குக் கீழே எத்தனை. மனைவி பெயர் பெரும்பாலும் இருக்காது. அதன்பின் ஒரு கூட்டம் நியூயார்க்கிலேயே ஸ்கோஹாரி பள்ளத்தாக்குக்குப் போனது. அதிலிருந்து ஒரு கூட்டம் 1723ல் பென்சில்வேனியாவின் டல்பஹாக்கனுக்கு இறங்கியது. ஆக, ஒரே குடும்பத்தின் காகிதம் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். இவர்கள் தனியாக நகர்ந்தவர்களும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் ஜெர்மன் ஊர் தெரிந்தால், முதலில் அந்த ஊர்ப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: ஒரே வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கும் யோஹான் என்று பெயர். எழுதியவர் தப்பா?

தப்பில்லை. யோஹான் என்பது ஞானஸ்நானப் பெயரின் முன்னொட்டு மாதிரி. யோஹான் பீட்டரை வீட்டில் பீட்டர் என்றும் யோஹான் கியோர்க்கைக் கியோர்க் என்றும்தான் கூப்பிடுவார்கள். பெண்களில் அன்னா, மரியா அப்படி. ஆனால் 'யோஹான்னெஸ்' என்று முழுசாக எழுதியிருந்தால் கூப்பிடும் பெயரே அதுதான். இன்னொன்று, குழந்தை இறந்துவிட்டால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். பட்டியலில் இரண்டு பீட்டர் இருந்தால் மூத்தவன் தவறிவிட்டான் என்று சந்தேகப்படுங்கள்.

கேள்வி: கணவர் வீட்டுக் குடும்பப் பெயர் கார்பென்டர். இங்கிலீஷ்காரர்தானே?

வர்ஜீனியாவின் மேடிசன் மாவட்டப் பக்கம் என்றால் எனக்குச் சந்தேகம் வரும். ட்சிம்மர்மான் என்றால் தச்சர். அதை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். ஆளுநர் ஸ்பாட்ஸ்வுட் தன் இரும்பு வேலைக்காக ஜெர்மான்னா என்ற இடத்தில் ஜெர்மன்காரர்களை அமர்த்தினார். 1714ல் சீகன் பகுதியிலிருந்து வந்தவர்கள் ஒரு செட், 1717ல் தெற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் இன்னொரு செட். முதல் செட்டில் ரிக்டர் ரெக்டர் ஆனார், ஃபிஷ்பாக் ஃபிஷ்பேக் ஆனார், ஓட்டர்பாக் அட்டர்பேக் ஆனார். இரண்டாவது செட்டில் பிளாங்கன்பூலர் பிளாங்கன்பேக்கர் ஆனார். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். ஆங்கில எழுத்தில் B-யும் P-யும் குழம்பும், D-யும் T-யும் குழம்பும். பெண்ணின் பெயரில் கடைசியில் 'இன்' ஒட்டியிருந்தால் (வேபர், வேபரின்) அது பெண்பால் விகுதி. வேறு குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: நான்கு குடும்பங்கள் மூன்று தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்திருக்கிறார்கள். பதிவேட்டில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரே இல்லை. யார் யாருக்கு என்ன உறவு என்று தலை சுற்றுகிறது.

சுற்றத்தான் செய்யும். மேடிசன் மாவட்டத்தின் ஹெப்ரான் லூத்தரன் சர்ச்சைச் சுற்றியிருந்த குடும்பங்களைப் பார்த்தால் நம்மூர் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிதான், எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். அண்ணன் தம்பி இருவர் அக்கா தங்கை இருவரைக் கட்டுவார்கள். கணவன் இறந்தால் விதவை சில மாதத்தில் மறுமணம் செய்வாள். முதல் தாரத்துப் பிள்ளை, இரண்டாம் தாரத்துப் பிள்ளை என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் இருக்கும்.

தப்பான வழி, ஒரே ஒரு ஆணைப் பிடித்துக்கொண்டு அப்பா, தாத்தா என்று நேராக மேலே ஏறுவது. ஞானஸ்நானப் பதிவின் கடைசி வரியைப் பாருங்கள். குழந்தை பெயர், அப்பா பெயர், 'மனைவி கத்தரீனா' என்று பாதியோடு நிற்கும் அம்மா பெயர், அதற்குக் கீழே ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகச் சாட்சி நிற்பவர்கள்). அந்தக் கீழ் வரியில்தான் அம்மாவின் பிறந்த வீடு ஒளிந்திருக்கும். ஞானத்தாய் கல்யாணமாகாத பெண் என்று குறிப்பிட்டிருந்தால், அவள் பெரும்பாலும் குழந்தையின் சித்தி அல்லது அத்தை. குழந்தைக்கு ஞானத்தாயின் பெயரையே வைக்கும் வழக்கமும் உண்டு.

ஒரு வருஷம் நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். நண்பர் ஒருவரின் முன்னோர் பீட்டர் மில்லர், மனைவி கத்தரீனா, பிள்ளைகள் பதினான்கு. இணையத்தில் இருந்த மரங்கள் எல்லாம் அப்படித்தான் சொல்லின. நானும் நம்பினேன். ஒருநாள் தேதிகளை வரிசையாக எழுதினால் இரண்டு குழந்தைகளுக்கு நடுவே ஐந்தே மாதம்! அப்புறம் ஞானப்பெற்றோரை மட்டும் தனித்தாளில் எடுத்து எழுதினேன். தானாகவே இரண்டு கும்பலாகப் பிரிந்துவிட்டது. எட்டுக் குழந்தைகளுக்கு ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது, மீதி ஆறுக்கு வேறொன்று. இரண்டு பீட்டர், இரண்டு கத்தரீனா. ஒருத்தியின் அப்பா உயிலில் 'என் மகள் கத்தரீனா, பீட்டர் மில்லர் மனைவி' என்று எழுதியிருந்தது சந்தேகத்தைத் தீர்த்தது. இரண்டு பீட்டரும் பெரியப்பா, சித்தப்பா மக்கள் என்பது பிறகு தெரிந்தது.

நான் என் நோட்டில் உறவுமுறையைத் தமிழில்தான் எழுதுகிறேன். அங்கிள் என்ற ஒரே சொல்லுக்குள் பெரியப்பாவும் தாய்மாமனும் கிடந்தால் சிக்கல் எப்படி அவிழும்? ஒரு எச்சரிக்கை மட்டும். மாமன் மகள், அத்தை மகன் முறை என்று அவர்கள் பார்த்துக் கட்டவில்லை. ஒரே மொழி, ஒரே சர்ச், பக்கத்து நிலம், இதுதான் பொருத்தம். லூத்தரனும் ரிஃபார்ம்டும் (இரண்டும் புராட்டஸ்டன்ட் சபைகள்) ஒரே கட்டடத்தை முறை வைத்துப் பங்கிட்ட ஊர்கள் பென்சில்வேனியாவில் நிறைய. இரு பக்கத்துப் பதிவேட்டையும் பாருங்கள்.

அந்தக் கால ஆங்கில உயிலில் 'மருமகன்' என்ற அர்த்தத்தில் நாம் படிக்கும் சொல் (சன்-இன்-லா), மனைவிக்கு முதல் கணவனிடம் பிறந்த மகனையும் குறிக்கும். இதில் விழாதவர்கள் குறைவு.

கேள்வி: கப்பல் பட்டியலில் கணவன் பெயர் இருக்கிறது, மனைவி இல்லை. தனியாக வந்தாரா?

அப்படி முடிவு செய்ய முடியாது. பென்சில்வேனியாவில் 1727 முதல் வெளிநாட்டவர் அரசருக்கு விசுவாசமாக இருப்பதாகப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது. பதினாறு வயது தாண்டிய ஆண்கள்தான் கையெழுத்திட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் கப்பலில் இருந்தும் காகிதத்தில் இல்லை. ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல் வரை இருக்கும்: கப்டன் கொடுத்தது ஒன்று, பிரமாணத்தில் கையெழுத்திட்டவை இரண்டு. கையெழுத்திட்டதைத்தான் நம்புங்கள். கப்டன் பட்டியல் காதால் கேட்டு எழுதியது.

கேள்வி: பதிவில் '7பிரிஸ்' என்று இருக்கிறது. ஜூலைதானே?

செப்டம்பர்! லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு. 8பிரிஸ் அக்டோபர், 9பிரிஸ் நவம்பர், 10பிரிஸ் டிசம்பர். கூடவே, ஆங்கிலேயக் காலனிகளில் 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14. அதற்கு முன் சட்டப்படி புது வருஷம் மார்ச் 25ல் பிறந்தது. பிப்ரவரி 1723/24 என்று இரண்டு வருஷம் எழுதியிருப்பது அதனால்தான்.

கேள்வி: டிஎன்ஏ சோதனையில் ஒருவர் 'மூன்றாம் கஸின்' என்று வருகிறார். காகிதத்தில் ஆறாம் தலைமுறைக்குத்தான் பொதுத் தாத்தா கிடைக்கிறார்.

காகிதம் சரியாகவே இருக்கலாம் தம்பி. ஒரே தாத்தா பாட்டி நான்கு வழியில் வந்தால் நான்கு வழியிலிருந்தும் துண்டுகள் சேரும். மொத்த சென்டிமார்கன் (பொதுவான டிஎன்ஏ துண்டுகளின் நீள அளவு) வீங்கி, நெருங்கிய சொந்தம் போலக் காட்டும். மொத்தத்தை விட்டுவிட்டு மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகளாகவே இருந்தால் உறவு பழையது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடம் அதிகம் காணப்படும் எலிஸ்-வான் கிரெவெல்ட் என்ற பரம்பரைக் குறைபாட்டை, 1744ல் வந்த சாமுவேல் கிங் தம்பதி வரை தடம் பிடித்திருக்கிறார்கள். இருநூறு வருஷம் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் அந்தத் தடம் அழியவில்லை.

கேள்வி: பென்சில்வேனியா டச்சு என்றால் ஹாலந்துக்காரரா?

இல்லை. 'டைட்ச்', அதாவது ஜெர்மன்.

கேள்வி: நான் தரங்கம்பாடிப் பக்கம். எங்கள் ஊர் லூத்தரன் மிஷனுக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியாகவே. 1706ல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்குவுக்குப் பின்னால் நின்ற, ஜெர்மனியின் ஹாலே நகரத்து லூத்தரன் நிறுவனம்தான், போதகர் 1742ல் ஹென்றி மெல்கியோர் மியூலன்பெர்க்கைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது. இரண்டு இடத்துக் கடிதங்களும் இன்று ஹாலேயில் ஒரே ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. மியூலன்பெர்க் 1745ல் கட்டியது மேலே சொன்ன கான்ராட் வெய்சரின் மகள் அன்னா மரியாவை. அவர்கள் மகன் ஃபிரடெரிக், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகர். ஒரு மகள் போதகர் குன்ட்சேயைக் கட்டினாள், இன்னொருத்தி போதகர் ஷுல்ட்சேயை. அந்த ஷுல்ட்சே வீட்டுப் பிள்ளை 1823ல் பென்சில்வேனியா ஆளுநர் ஆனார். இந்தக் குடும்பத்தை மகன்கள் வழியில் மட்டும் தேடியிருந்தால் வெய்சரும் கிடைத்திருக்க மாட்டார், ஆளுநரும் கிடைத்திருக்க மாட்டார்.

கேள்வி: வீட்டில் பெரியவர்களிடம் முதலில் எதைக் கேட்பது?

பூவும் பறவையும் வரைந்த பழைய ஞானஸ்நானச் சான்று சட்டம் போட்டு எங்காவது மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் பெரும்பாலும் அதில் முழுசாக இருக்கும். கழற்றிப் பின்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். வீட்டில் இல்லாவிட்டால், புரட்சிப் போர் வீரர்களின் விதவைகள் பென்ஷனுக்கு மனுப் போட்ட கோப்புகளைப் பாருங்கள். கல்யாணத்தை நிரூபிக்க அந்தக் காகிதத்தையும் குடும்ப பைபிளின் பக்கத்தையும் கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. அவை தேசிய ஆவணக்காப்பகத்தில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன.