கார்னர் ஸ்டேட் பார்க்: கேபின், டென்ட், ஃப்ரியோ ஆறு பற்றிய கேள்வி பதில்

டெக்சாஸில் நம் குடும்பங்கள் பலரும் ஃப்ரியோ ஆற்றங்கரையில் இருக்கும் கார்னர் ஸ்டேட் பார்க் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பதால், இன்று மாலை முழுக்க இதற்கென்றே உட்கார்ந்திருக்கிறேன். பதினேழு வருடமாகப் போய் வருகிறேன். கேபின், டென்ட், ஆறு, மழை பற்றிக் கேளுங்கள். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்பவரின் ஊர்.

சுகர் லேண்ட்: அக்கா, கேபின் கிடைக்கவே மாட்டேங்குது. எப்போ புக் பண்ணணும்?

தங்குமிடங்களை ஐந்து மாதம் முன்னாடியே பதிவு செய்யலாம். ஜூன் மாதம் போக வேண்டுமென்றால் ஜனவரியிலேயே உட்கார வேண்டும். கோடை விடுமுறை வார இறுதிகள் திறந்த வேகத்தில் போய்விடும். பள்ளி நாள் பார்க்காதவர்களாக இருந்தால் நவம்பரில், வார நடுவில் போங்கள். ஆற்றோரத்து சைப்ரஸ் மரங்கள் துரு நிறத்துக்கு மாறி நிற்கும், பாதி கூட்டம்கூட இருக்காது.

பழைய கேபின் கிடைத்தால் விடாதீர்கள். பெருமந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்காக ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் பையன்கள், 1935க்கும் 1941க்கும் இடையில் இந்தப் பூங்காவைக் கட்டினார்கள். அங்கேயே வெட்டிய சுண்ணாம்புக்கல், சைப்ரஸ் மரம். அவர்கள் கட்டிய பெவிலியனில்தான் கோடை இரவுகளில் ஜூக்பாக்ஸ் பாட்டும் ஆட்டமும் 1940களிலிருந்து நடக்கிறது. பூங்காவுக்குப் பெயர் கொடுத்த ஜான் நான்ஸ் கார்னர், பக்கத்து யுவால்டி ஊர்க்காரர். 1933 முதல் 1941 வரை ரூஸ்வெல்ட்டின் துணை ஜனாதிபதி.

ஃப்ரிஸ்கோ: மதுரைலேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. ஸ்க்ரீன்டு ஷெல்டர் போதுமா, கேபினே எடுக்கணுமா?

கேபினே எடுங்கள். ஷெல்டர் என்பது கூரை, தரை, சுற்றிலும் கொசுவலைச் சுவர், அவ்வளவுதான். கட்டில் கிடையாது. நடுராத்திரி பாத்ரூமுக்கு டார்ச் அடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கேபினில் ஏசி, குளியலறை, சின்ன சமையலறை எல்லாம் இருக்கிறது. குக்கர், தோசைக்கல், தட்டு, கரண்டி எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். அப்பாவுக்கு மூட்டு வலி இருந்தால் ஓல்ட் பால்டி மலைப்பாதை வேண்டாம். தூரம் குறைவுதான், ஆனால் செங்குத்து, பாறையும் தேய்ந்து வழுக்கும்.

கேட்டி: ஆத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற டென்ட் சைட் எது? ஜிப்பைத் திறந்தா தண்ணி தெரியணும்.

இந்தக் கேள்விக்காகத்தான் இன்று உட்கார்ந்தேன். சொல்வதை முழுதாகப் படியுங்கள்.

அந்த மலைநாடு முழுக்க சுண்ணாம்புப் பாறை, மேலே கையளவு மண். மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று, சமவெளி முடிந்து மலைநாடு தொடங்கும் பால்கோனிஸ் சரிவில் ஏறும்போது மழை ஒரே இடத்தில் கொட்டும். மண் குடிக்காது, பாறை உறிஞ்சாது, அத்தனையும் ஆற்றில் இறங்கும். கிழக்கு ஃப்ரியோவும் மேற்கு ஃப்ரியோவும் லேக்கி ஊருக்குப் பக்கத்தில் சேர்ந்து, அதற்குக் கீழேதான் கார்னருக்கு வருகின்றன. உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே ஆற்றின் மேல்பக்கம் பெய்த மழை உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கலாம்.

2025 ஜூலை 4 விடியற்காலையை மறக்க வேண்டாம். இங்கிருந்து வடகிழக்கே, ஹன்ட் பக்கம் குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் 26 அடி ஏறியது. மத்திய டெக்சாஸில் அந்த வெள்ளத்தில் 130க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

சைட் தேர்ந்தெடுக்கும்போது ஆற்றங்கரை மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைகளில் காய்ந்த சருகும் குச்சியும் கூடு மாதிரி சிக்கியிருக்கும். பழைய வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது. அதைவிட மேட்டில் படுங்கள். பகல் முழுக்க ஆற்றில் கிடங்கள், ராத்திரி மட்டும் மேட்டுக்கு வந்துவிடுங்கள்.

கேட்டி: ரொம்ப பயமுறுத்துறீங்க அக்கா. ஆபத்துன்னா பார்க்கே அங்க சைட் குடுக்காதே?

ஐர்விங்: கேட்டி சொல்றது சரி. எட்டு வருஷமா ஆத்தோரம்தான் படுக்கிறோம், ஒண்ணும் ஆனதில்லை.

எட்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது எட்டு வருடத்துக் கணக்கு மட்டுமே. ஒரு ஏப்ரல் ராத்திரி, வேறொரு ஆற்றங்கரையில் நாங்களும் தாழ்வில் படுத்திருந்தோம். அங்கே ஒரு சொட்டு மழை இல்லை. இரண்டு மணிக்கு முகாம் பொறுப்பாளர் டென்ட்டைத் தட்டி எழுப்பினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். விடிந்து பார்த்தால் முந்தின நாள் சாப்பிட்ட மேஜை தண்ணீருக்கு அடியில். அந்த மனிதர் எழுப்பாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ரவுண்ட் ராக்: நான் தென்காசிக்காரன். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு தண்ணி வந்து ஒரு பையன் போனதைப் பார்த்தோமே. அங்கேயும் அருவிக்கு மேல மலையில பெய்ஞ்ச மழைதான். ஐர்விங் அண்ணே, அக்கா சொல்றதைக் கேளுங்க.

ஐர்விங்: குற்றாலம் அருவி தம்பி, இது ஆறு. ஃபோன்லதான் அலர்ட் வருமே.

தென்காசித் தம்பி சொன்னதுதான் விஷயம். அருவியோ ஆறோ, மலையில் பெய்வது கீழே வரும். ஃபோனைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் பல இடத்தில் கிடையாது. அரசு வானிலை எச்சரிக்கையைச் சொல்லும், பேட்டரியில் ஓடும் நோவா வெதர் ரேடியோ ஒன்று வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். ‘ஃப்ளாஷ் ஃப்ளட் வாட்ச்’ என்றால் வெள்ளம் வரக்கூடிய வானிலை. ‘வார்னிங்’ என்றால் வந்துகொண்டிருக்கிறது அல்லது வரப்போகிறது. வார்னிங் கேட்டதும் டென்ட்டை மடிக்க நிற்காதீர்கள், ஆட்களோடு மேட்டுக்கு ஏறுங்கள்.

காரை எடுத்துக்கொண்டு தரைப்பாலத்தில் இறங்கவே கூடாது. ஓடுகிற தண்ணீர் ஆறு அங்குலம் இருந்தால் ஆளைத் தள்ளும், ஓர் அடி இருந்தால் சின்னக் காரை இழுக்கும், இரண்டு அடிக்கு எஸ்யூவியும் நிற்காது.

பிளேனோ: கேபின் எவ்வளவு நாள் முன்னாடி புக் பண்ணலாம்?

ஐந்து மாதம். முதல் கேள்வியிலேயே இருக்கிறது.

சிடார் பார்க்: எங்க நாயையும் கூட்டிட்டு வரலாமா?

டென்ட் சைட்டுக்கு வரலாம், ஆறு அடிக்குள் கயிறு கட்டி. கேபினுக்குள்ளும் ஷெல்டருக்குள்ளும் அனுமதி இல்லை.

கேட்டி வெஸ்ட்: நாங்க நாலு குடும்பம், 14 பேர். ஒரே சைட்ல அடங்குவோமா? ராத்திரி ஸ்பீக்கர் வெச்சுப் பாடலாமா? பீர்?

ஒரு சைட்டுக்கு எட்டு பேர்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எடுங்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை சத்தம் கூடாது. அதற்கு முன்னாடியும் ஸ்பீக்கர் வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பக்கத்தில் படுத்திருப்பவர்கள் ஆற்றுச் சத்தம் கேட்க வந்தவர்கள். டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகளில் மது வெளியில் தெரியும்படி வைப்பதும் குடிப்பதும் தடை.

ஆலன்: விறகு அங்கேயே பொறுக்கிக்கலாமா?

கூடாது. விழுந்து கிடக்கும் குச்சியும் அந்தக் காட்டுடையது. காசு கொடுத்து வாங்குங்கள். புறப்படும் முன் தீத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். வறண்ட மாதங்களில் அடிக்கடி போடுவார்கள்.

லியாண்டர்: 30 அடி ஆர்விக்கு எந்த லூப் நல்லது?

ஆர்வி என்கிற வீட்டு வண்டியை நான் ஓட்டியதில்லை. பூங்கா அலுவலகத்தைக் கூப்பிட்டு நீளத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

பேர்லேண்ட்: பசங்களுக்கு 6, 9 வயசு. ஆத்துல இறங்கலாமா?

தாராளமாக. ஊற்றுத் தண்ணீர் ஆறு, அடியில் கூழாங்கல் தெரியும். ஃப்ரியோ என்றால் ஸ்பானிஷில் குளிர், ஜூலை வெயிலிலும் முதல் முக்கு உடம்பைச் சிலிர்க்க வைக்கும். லைஃப்கார்ட் யாரும் கிடையாது, ஆகவே லைஃப் ஜாக்கெட் போட்டு, ஒரு பெரியவர் கண் எடுக்காமல் கூடவே தண்ணீரில் நிற்க வேண்டும். கல் வழுக்கும், செருப்பு வேண்டாம், குதிகாலில் பட்டை உள்ள வாட்டர் ஷூ போடுங்கள். வறட்சி வருடத்தில் ஆறு மெலிந்துவிடும், போகும் முன் கான்கன் ஊரில் ஆற்றை அளக்கும் அளவுகோலின் நீரோட்டத்தை யுஎஸ்ஜிஎஸ் என்கிற அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் தளத்தில் பாருங்கள். அதே பக்கம்தான் மழை நாளில் ஆறு ஏறுவதையும் காட்டும்.

மெக்கின்னி: புக்கிங் எப்போ ஓப்பன்?

ஐந்து மாதம்.

கேட்டி: சரி அக்கா, ஆத்தோர சைட்தான் எடுத்திருக்கேன், மே இரண்டாவது வாரம். மாத்த வேற இடம் இல்லை. என்ன பண்ணட்டும்?

மே மாதம் மழை மாதம். ரத்தாகும் சைட்டுகள் திரும்பப் பதிவு செய்யும் பக்கத்தில் வரும், தினமும் காலையில் ஒருமுறை பாருங்கள். கிடைக்காவிட்டால், போனதும் வெளிச்சத்திலேயே மேட்டுக்கு ஏறும் வழியைக் குழந்தைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். காரை மேட்டைப் பார்த்து நிறுத்துங்கள். எல்லோர் செருப்பும் டார்ச்சும் டென்ட் வாசலில் இருக்கட்டும். லேக்கி பக்கம் மழை என்று முன்னறிவிப்பு இருந்தால் அன்று ராத்திரி யுவால்டியில் ஒரு ரூம் எடுத்துப் படுத்துவிட்டு காலையில் திரும்புங்கள். முப்பது மைல்தான். தேதி உறுதியானதும் எனக்கு எழுதுங்கள், வானிலையை நானும் பார்க்கிறேன்.