கர்ப்பத்தில் குடித்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள்

கேள்வி: என் தம்பி மகனுக்கு 2 வயது 8 மாதம். தம்பி மனைவிக்கு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன இடத்தில் குடியும் புகையிலையும் பழகிவிட்டது, கர்ப்பத்திலும் விடவில்லை. பையன் 1.9 கிலோவில் பிறந்தான். ‘அத்தை’, ‘தண்ணி’ தவிர இன்னும் பேச்சில்லை. ஓரிடத்தில் உட்காருவதில்லை, ராத்திரி தூங்குவதில்லை. தருமபுரி, சேலம் என்று நாலைந்து டாக்டர்களைப் பார்த்துவிட்டோம், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இனி எங்கே போவது? - வாசகி, பென்னாகரம்

பதில்: நீங்கள் அனுப்பிய சீட்டுகளை எல்லாம் பார்த்தேன். ஒருவர் சத்து டானிக், ஒருவர் தூக்கத்துக்கு மருந்து, இன்னொருவர் ‘போகப் போகப் பேசுவான்’. எதிலுமே அம்மா கர்ப்பத்தில் குடித்தார் என்ற வரி இல்லை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும், புரிகிறது. ஆனால் அது தெரியாவிட்டால் ஒவ்வொரு டாக்டரும் தன் கண்ணில் பட்ட தொந்தரவுக்கு மட்டும்தான் வைத்தியம் பார்ப்பார்.

அம்மா குடிக்கும் மது தொப்புள்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்துக்கும் போகிறது. மூளை கர்ப்பகாலம் முழுக்க வளர்வதால் பேச்சு, கவனம், ஞாபகம், தூக்கம் எல்லாமே பாதிக்கப்படலாம், சில குழந்தைகளுக்குக் காது, கண், இதயத்திலும் குறை இருக்கும். புகையிலையைக் கேட்டால் ‘பீடி இல்லையே, வாயில் அடக்கியதுதானே’ என்பார்கள், அதிலும் நிக்கோடின் இருக்கிறது, எடை குறைந்து பிறக்க அதுவும் காரணமாகலாம். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் தட்டையாக இருப்பது மது பாதிப்பின் ஒரு அடையாளம், ஆனால் பல குழந்தைகளுக்கு முகத்தில் எதுவுமே தெரியாது. அதற்காகக் குடிதான் காரணம் என்று நாமே முடிவுகட்டவும் கூடாது, காது மந்தம், தைராய்டு குறைவு, ஆட்டிசம் இருந்தாலும் பேச்சு தாமதமாகும்.

சரி, எங்கே போவது? தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போய் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்காகவே உள்ள இடம் அது, கட்டணம் கிடையாது. தலைச் சுற்றளவு, காது, கண், இதயம், ரத்தசோகை, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டுப் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம். பிறந்தபோது காது பரிசோதனை சரியாக இருந்தது என்று விட்டுவிடாதீர்கள், இப்போது மறுபடி பார்க்க வேண்டும். முக்கியமாக, ஒரே குழந்தை மருத்துவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சுப் பயிற்சியாளர், காது டாக்டர் என்று யார் எதை எழுதினாலும் ஒரே ஃபைலில் சேர்ந்து அவரிடம் போகட்டும். தாய் சேய் நல அட்டையும் அதிலேயே இருக்கட்டும். மது பாதிப்பாக இருந்தால் முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை, ஆனால் பள்ளிக்குப் போவதற்கு முன்பே பயிற்சி தொடங்கினால் நல்ல முன்னேற்றம் பார்க்கலாம், அதனால் அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள். அங்கன்வாடிக்கும் தினமும் அனுப்புங்கள், மற்ற பிள்ளைகளோடு இருப்பது பேச்சு வர உதவும்.

அப்புறம், தம்பி மனைவியோடு சண்டைக்குப் போகாதீர்கள். இன்னும் தினமும் குடிக்கிறார் என்றால் வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதே மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள், 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். பையனைக் காட்டும் நாளிலேயே அவரையும் கூட்டிப்போங்கள். எந்த மாதத்தில் எவ்வளவு குடித்தார் என்று டாக்டர் கேட்டால் அவர்தானே சொல்ல முடியும்.