கையில நூல் இருந்தா மனசு அடங்குமா?

கேள்வி: பேங்க்ல கவுண்ட்டர் வேலை. வீட்டுக்கு வந்தும் டென்ஷன் குறையல, போனையே நோண்டிக்கிட்டு இருக்கேன். பின்னல் வேலை செஞ்சா மனசு லேசாகும்னு சொல்றாங்களே, நிஜமா? நான் ஊசியே பிடிச்சதில்ல.
– வாசகி, ஈரோடு

பதில்: நிஜம்தாங்க. 2013ல பிரிட்டன் ஆய்விதழ் ஒண்ணுல வந்த சர்வேல பல நாட்டுல பின்னுறவங்க 3500 பேருக்கு மேல பதில் சொன்னாங்க, அடிக்கடி பின்னுறவங்க மனசு அமைதியா இருக்குன்னு சொல்லியிருந்தாங்க. ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருது, கண்ணி, அதாவது நூல் வளையம், எண்ணணும், ரெண்டு கையும் பிஸி, அதனால போன் பக்கமே கை போகாது, எனக்கு அதுதான் பெரிய லாபமாப் படுது. நீங்க குரோஷால, அதாவது கொக்கி ஊசியால பின்னுற முறையில ஆரம்பிங்க, ஒரே ஒரு ஊசி போதும், 4 எம்எம் தடிமன்ல வாங்குங்க, நம்ம வெயிலுக்கு உல்லன் கசகசன்னு இருக்கும், காட்டன் நூலே எடுங்க, அதுவும் வெளிர் கலரா, கறுப்புல கண்ணி தெரியாது. முதல்ல வெறும் சங்கிலிக் கண்ணி, அப்புறம் சிங்கிள் குரோஷாங்கிற அடிப்படைப் பின்னல், இது ரெண்டும் வந்தாலே டம்ளர் வைக்கிற கோஸ்டர் போட்டுடலாம். தப்பாச்சா? நூலை இழுத்தா பிரிஞ்சிடும், திரும்பப் போடுங்க, பயமே வேணாம். கழுத்து, மணிக்கட்டு வலிச்சா வெச்சிடுங்க. வாரக்கணக்கா தூக்கமே இல்லன்னா மட்டும் பின்னலை நம்பி இருக்காம டாக்டரைப் பாருங்க.