பழைய பாட்டு வேண்டும், பழைய பாடகி வேண்டாமா?

கேள்வி: மதுரை வட்டாரக் கோயில் விழாக்களில் முப்பது ஆண்டுகளாக மெல்லிசைக் கச்சேரி பாடி வருகிறேன். வயது 58. “மேடைக்கு இளவட்டமாக வேண்டும் என்று கமிட்டி கேட்கிறது” என்று சொல்லி, குழு உரிமையாளர் இரண்டு ஆண்டுகளாகத் தொடக்கப் பக்திப் பாடலை மட்டும் கொடுத்து, சம்பளத்தையும் பாதியாக்கிவிட்டார். தலைக்குச் சாயம் பூசி, வயதைக் குறைத்துச் சொல்லித் தொடர்வதா, ஒதுங்கிவிடுவதா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நம் பக்கத்துக் கச்சேரிகளில் நள்ளிரவை நெருங்கும்போது கூட்டத்திலிருந்து வரும் துண்டுச் சீட்டுகளில் பெரும்பாலும் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பாடல்களே எழுதப்பட்டிருக்கும். பாட்டின் வயதைப் பொருட்படுத்தாத ஊர், பாடுகிறவரின் வயதை மட்டும் எண்ணிப் பார்க்கிறது. அதிலும் இந்தக் கணக்கு பெண்களுக்கே போடப்படுகிறது. மீசைக்கு மை தீட்டிய அறுபது வயதுப் பாடகர் இன்றும் கதாநாயகன் குரலில் காதல் பாட்டுப் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்.

இருந்தாலும், உரிமையாளரிடம் பேசுவதற்கு முன், உங்கள் அண்மைக் கச்சேரிகள் இரண்டைக் கைப்பேசியில் பதிந்து, தயவு தாட்சணியமில்லாத ஒருவரோடு அமர்ந்து கேளுங்கள். மேல் ஸ்தாயியில் குரல் திணறினால், கீபோர்டுக்காரரிடம் சொல்லிப் பாட்டின் சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்ளலாம். ஜோடிப் பாடல்களில் உடன் பாடுகிறவர் முணுமுணுக்கக்கூடும், முணுமுணுக்கட்டும். 1922இல் மதுரையில் பிறந்த டி.எம்.சௌந்தரராஜன், 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டுப் பாடலில் பாடியபோது அவருக்கு 88 வயது. பரவை முனியம்மா ‘தூள்’ படத்தின் வழியே 2003இல் நாடறிந்தவரானதும் பாட்டி வயதில்தான். ஆனால் அவர் பாடியது அவருக்கே உரிய பாட்டு என்பதால், எந்த இளம் பாடகியோடும் அவரை ஒப்பிட யாருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு பகுதி வேண்டும். பழைய பாடல்களுக்கென முக்கால் மணி நேரம் ஒதுக்கித் தரும்படி கேளுங்கள்.

சம்பளம் வேறு வழக்கு. பாட்டு குறைந்தாலும் நீங்கள் அதே வேனில் போய், அதே இரவு முழுவதும் கண்விழித்துத் திரும்புகிறீர்கள்; பாதிச் சம்பளத்துக்கு நியாயமே இல்லை. ஆனால் சட்டத்தின் துணையை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பாகுபாட்டைத் தடுக்கும் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றைச் சொல்கிறதே தவிர, வயதைச் சொல்லவில்லை. ஆகவே, எந்த ஊர்க் கமிட்டி அப்படிக் கேட்டது என்று உரிமையாளரிடம் நேராகக் கேளுங்கள். கமிட்டியின் பெயரில் அவரே பேசுகிறார் என்பது என் ஐயம்.

சாயம் உங்கள் விருப்பம். வயதை மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள். நலிந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழங்கும் மாத உதவிக்கு என்றாவது விண்ணப்பிக்க நேர்ந்தால், அங்கே வயதுச் சான்றுதான் பேசும்.

எதைக் கேட்பதானாலும் மாசிக்குள் கேட்டுவிடுங்கள். சித்திரைக் கச்சேரிகளுக்கு முன்பணம் வாங்கிய பிறகு எந்த உரிமையாளரும் பாட்டுப் பட்டியலைத் திருத்த மாட்டார்.