பெத்தோஃபிக்கு என்ன நடந்தது?

கேள்வி: ஹங்கேரியக் கவிஞர் பெத்தோஃபி ஷான்டோர் 1849இல் போரில் இறந்தார் என்று ஒரு இடத்தில் வாசித்தேன். இன்னொரு இடத்தில் காணாமல் போனார் என்று இருந்தது. எது சரி?
வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: சண்டை நடந்த அன்றைக்கே அவர் இறந்திருப்பார் என்பதுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. ஆனால் உடல் கிடைக்கவில்லை, அதனால் காணாமல் போனார் என்று எழுதுவதும் பிழையில்லை.

1849 ஜூலை 31, ஷெகெஷ்வார் என்ற ஊருக்குப் பக்கத்தில், இன்று ருமேனியாவுக்குள் இருக்கும் இடத்தில் அந்தச் சண்டை நடந்தது. ஆஸ்திரியாவுக்கு எதிராக எழுந்த ஹங்கேரியர்களை அடக்க ரஷ்யப் படை வந்திருந்த காலம் அது. ஹங்கேரியப் படையை நடத்தியவர் யோசெப் பெம் என்ற போலந்துக்காரர், எதிரே ரஷ்யத் தளபதி லூடர்ஸ், அவரிடம் இருந்த ஆட்களோ பெம்மின் படையைவிட மிக அதிகம். தொடக்கத்தில் பெம்மின் பீரங்கிகள் நன்றாகவே அடித்தன, ஸ்கார்யாடின் என்ற ரஷ்ய ஜெனரல் அதில் செத்தார். பின்னேரமானதும் ரஷ்யக் குதிரைப்படை வளைத்துக்கொண்டு வந்தது, அப்புறம் ஹங்கேரியர்கள் சிதறி ஓடினார்கள். சதுப்பு நிலத்தில் மறைந்துதான் பெம் தப்பினார். பெத்தோஃபி பாதையில் நடையாக ஓடிக்கொண்டிருந்ததை ஒரு இராணுவ வைத்தியர் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரை உறுதியாகக் கண்டவர் யாருமில்லை. வயது 26.

செத்தவர்களைப் பொதுக்குழிகளில் மூடிவிட்டார்கள். கட்டிலில் கிடந்து மெல்ல மெல்லச் சாகாமல் போர்க்களத்தில் விழ வேண்டும், எல்லாரோடும் ஒரே குழியில் போக வேண்டும் என்று 1846இலேயே கவிதை எழுதியவர் அவர். உடல் இல்லாததால் சைபீரியாவுக்குக் கைதியாகக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற கதை கிளம்பியது, நான்தான் பெத்தோஃபி என்று சொல்லிக்கொண்டு ஆட்களும் வந்தார்கள். 1989இல் சைபீரியாவின் பர்குசினில் ஒரு எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்து இது அவர்தான் என்றார்கள், ஹங்கேரிய அறிவியல் அக்கடமி அதை ஏற்கவில்லை.

எனக்கு இதில் மனதை அறுப்பது அவர் மனைவி யூலியாவின் கதை. கையில் ஏழு மாதப் பிள்ளை. திரான்சில்வேனியா வரைக்கும் போய் விசாரித்தார், உறுதியான பதில் ஒன்றும் இல்லை. 1850 ஜூலையில், ஒரு வருடம் முடிவதற்குள், அவர் மறுமணம் செய்ததும் ஊரே தூற்றியது. கவிஞரின் விதவை காத்திருந்திருக்க வேண்டுமாம். எவ்வளவு காலம், யாருக்காக? அந்த 31ஆம் தேதி நமக்கு ஆடி மாதம். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தக் கரையில் நின்று, காணாமல் போனவருக்குக் கடன் கழிப்பதா, கழித்தால் நாமே அவரைச் சாகடித்த மாதிரி ஆகிவிடுமா என்று தவிக்கிற பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத் தெரிந்த ஒருவரும் யூலியா மீது கல்லெறியக் கூடாது என்பேன்.

கேள்வி: ஹங்கேரி எழுந்தது ஆஸ்திரியாவுக்கு எதிராக. ரஷ்யா ஏன் நடுவில் வந்தது?
உயர்தர மாணவன், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, ஆஸ்திரியாவால் தனியாக அடக்க முடியவில்லை. 1849 ஏப்ரல் 14இல் டெப்ரெட்சென் நகரில் ஹங்கேரி சுதந்திரப் பிரகடனம் செய்தது, இளம் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெப் ரஷ்யாவின் சார் மன்னர் முதலாம் நிக்கலஸிடம் உதவி கேட்டார். நிக்கலஸுக்கும் பயம் இருந்தது, அவர் ஆட்சியில் இருந்த போலந்துக்கும் இந்தத் தீ பரவிவிடும் என்று. பெம் மாதிரிப் போலந்துக்காரர்கள் அங்கே படை நடத்தினால் பயம் வராமல் இருக்குமா! ஏறக்குறைய 2 லட்சம் ரஷ்யப் படையினர் இறங்கினார்கள். ஆகஸ்ட் 13இல் ஹங்கேரியப் படைத் தளபதி கெர்கெய் விலாகோஷ் என்ற ஊரில் சரணடைந்தார், அதுவும் ஆஸ்திரியரிடம் அல்ல, ரஷ்யரிடம். அக்டோபர் 6இல் அராட் நகரில் ஹங்கேரியப் படையின் 13 தளபதிகளை ஆஸ்திரியா கொன்றது.

கேள்வி: ஜெனரல் பெம் இஸ்லாத்தைத் தழுவினாராமே?
வாசகர், காத்தான்குடி

பதில்: ஆம் சகோதரரே. தோல்விக்குப் பிறகு உஸ்மானியப் பேரரசில் அடைக்கலம் புகுந்து முராத் பாஷா ஆனார், 1850 டிசம்பரில் அலெப்போவில் காலமானார். 1929இல் அவருடைய எச்சங்களைப் பிறந்த ஊரான போலந்தின் டார்னூவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு பூங்காக் குளத்தின் நடுவில், உயரமான தூண்களுக்கு மேலே, மண்ணில் படாமல் அவருடைய பேழை இருக்கிறது.