டாக்டரிடம் கேளுங்கள்: அம்மாவின் மறதியும் மகளின் ரத்த அழுத்தமும்

இந்த மாதக் கடிதக் கட்டில் பாதிக்கு மேல் மறதியைப் பற்றியவை. எழுதியவர்களில் யாருக்கும் மறதி இல்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மாமியாருக்கோ வந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். ஒரே சரடில் வரும் ஐந்து கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. மூன்று வருடங்களாக மறதி நோய். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறார். சில நாட்களில் என்னைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசுகிறார். எனக்கு 46 வயது. இரண்டு முறை பார்த்ததில் பி.பி. 148/94, 144/92 இருந்தது. தலைவலியோ தலைசுற்றலோ இல்லாததால் டாக்டர் எழுதிய மாத்திரையைத் தொடங்கவில்லை. இப்போது என் கவலை அதைப் பற்றியல்ல. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா? வல்லாரை மாத்திரை சாப்பிட்டால் தடுக்கலாமா?
— வாசகி, ராஜபாளையம்

பதில்: கவலை அதைப் பற்றியல்ல என்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும், அம்மா.

என் அப்பா கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தார். ஐந்து இலக்கக் கூட்டலை உதடு அசையாமல் போடுவார். நான் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, தீபாவளிக்குப் புது பி.பி. கருவியோடு வீட்டுக்கு வந்து, பழகிப் பார்க்க அவர் கையில் பட்டையைச் சுற்றினேன். 172/104. அவருக்கு அப்போது வயது 49. "உன் கருவிதான் புதிது, அதற்குத்தான் படபடப்பு" என்று சிரித்தார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, மூன்று மைல் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போய்வருகிறார். அவருக்கு எதற்கு மாத்திரை? நானும் வற்புறுத்தவில்லை. எழுபது வயதில் பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் வேறு வேறு தொகை வந்தது. தலையை ஸ்கேன் எடுத்தபோது பழைய சிறு சிறு அடைப்புகளின் தழும்புகள் ஏழெட்டு இருந்தன. கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை. அவை எந்த நாளில் நடந்தன என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி என்பதால் எனக்குத் தெரிந்த உவமையைச் சொல்கிறேன். மூளையின் ஆழ்பகுதி, ரத்த ஓட்டத்துக்குக் கடைமடை. பெரிய ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் எல்லாம் தாண்டி, தலைமயிரைவிட மெல்லிய குழாய்களில் அங்கே ரத்தம் போய்ச் சேர வேண்டும். அழுத்தம் வருடக்கணக்கில் கூடுதலாக இருந்தால் அந்தக் குழாய்களின் சுவர் தடித்து, உள்வழி குறுகிவிடும். கடைமடை காய்ந்தால் தலைமடையில் இருப்பவனுக்குத் தெரியுமா? உங்களுக்குத் தலைவலி வராததும் அப்படித்தான்.

அல்சைமர் வேறு, ரத்தக் குழாய்க் கோளாறால் வரும் மறதி வேறு என்று பாடப் புத்தகம் பிரித்து வைத்திருக்கிறது. முதியவர்களின் மூளையில் இரண்டும் கலந்தே இருப்பது மிகச் சாதாரணம்.

லண்டனில் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 1985 முதல் பின்தொடர்ந்து வரும் 'ஒயிட்ஹால்' ஆய்வு 2018-இல் ஒரு கணக்கைச் சொன்னது. 50 வயதில் பி.பி.யின் மேல் எண் 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 60-இலும் 70-இலும் எடுத்த அளவுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. அறுபதுக்கு மேல் கவனிக்க வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. சேதம் தொடங்கும் காலம் நாம் நினைப்பதைவிட மிக முந்தையது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதாவது உங்கள் வயதுக்காலம்.

அம்மாவுக்கு எழுபது தாண்டி வந்ததால், பரம்பரையின் பங்கு உங்களுக்கு வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டலாம்; தீர்ப்பாகிவிடாது. ஐம்பதுகளிலேயே குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-இல், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் சரிசெய்ய முடிந்தால், உலகில் வரும் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொலஸ்ட்ரால், உடல்பருமன், புகை, உடலுழைப்பின்மை ஆகிய ஆறும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இதய மருத்துவர் அறைச் சுவரில் இவற்றைப் படமாகவே பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தவருக்கும் மறதி நோய் வருவதுண்டு. வாய்ப்பைக் குறைக்கலாம் என்பதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், எனக்கும் பிடிக்கும். டிமென்ஷியாவைத் தடுக்கும் என்பதற்குத் திடமான சான்று இல்லை. துவையலில் உப்பைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு என்று அந்த ஒரு தேக்கரண்டியை நாம் காலைச் சாப்பாட்டிலேயே நெருங்கிவிடுகிறோம்.

ஒரு வாரம் வீட்டிலேயே பி.பி. பாருங்கள். காபி குடித்து அரை மணி கழித்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். எண்களை எழுதிக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள். எண்கள் இப்படியே இருந்தால் மாத்திரையைத் தொடங்குங்கள். அளவு சரியானதும் "நார்மல் ஆகிவிட்டது" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது மாத்திரையால் வந்த நார்மல்.

கேள்வி: நான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர். பி.பி. மாத்திரையை வாங்கி டப்பாவில் போட்டு வைத்துவிடுகிறார்கள். மாரடைப்பு வரும், பக்கவாதம் வரும் என்று சொன்னால் "எல்லாம் விதி" என்கிறார்கள். வேறு என்ன சொல்வது?
— வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே உங்கள் மாவட்டத்தில்தான். என் கிளினிக்கில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். "நெஞ்சு அடைத்துச் செத்துப்போவீர்கள்" என்றால், "அது நல்ல சாவு" என்று பதில் சொன்ன பெரியவர்கள் பலர். "பேரன் பெயர் மறந்துபோகலாம், கழிப்பறைக்கு இன்னொருவர் கூட்டிப்போக வேண்டி வரலாம்" என்றால் நிமிர்ந்து பார்க்கிறார்கள். சாவைவிட அடுத்தவருக்குப் பாரமாவதற்குத்தான் நம்மவர்கள் அஞ்சுகிறார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. சீனாவில் 326 கிராமங்களில், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ள, 40 வயதைத் தாண்டிய சுமார் 34,000 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில், உங்களைப்போல ஊரிலேயே இருக்கும் கிராம மருத்துவப் பணியாளர்கள், மேற்பார்வையோடு மாத்திரையைச் சீர்செய்து, வீட்டில் அளக்கப் பழக்கி, விடாமல் பின்தொடர்ந்தார்கள். மற்றக் கிராமங்களில் வழக்கமான சிகிச்சை. நான்கு ஆண்டு முடிவில், தீவிரமாகக் கவனிக்கப்பட்ட கிராமங்களில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைவு. 2025-இல் முடிவு வெளியானபோது நான் இரண்டு முறை படித்தேன். பெரிய மருத்துவமனையோ விலையுயர்ந்த மருந்தோ அங்கே இல்லை. கதவைத் தட்டிய ஓர் ஆள்தான் வித்தியாசம். அடுத்த முறை போகும்போது டப்பாவைத் திறந்து அட்டையில் மிச்சமுள்ள மாத்திரைகளை எண்ணுங்கள். திட்டாமல் எண்ணுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 82 வயது, ஆரம்பக்கட்ட மறதி. பி.பி. 146/78 இருக்கிறது. 120-க்குக் கொண்டுவந்தால் மறதி நிற்கும் என்று படித்தேன். இன்னொரு மாத்திரை சேர்க்கச் சொல்லட்டுமா? காலையில் எழுந்தால் தள்ளாடுகிறார்.
— வாசகர், கோவை

பதில்: அந்தக் கடைசி வாக்கியத்தை முதலில் எழுதியிருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் ஒவ்வொரு முறை பி.பி. பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், புது மாத்திரை கேட்காதீர்கள். இருக்கும் மாத்திரைகளை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள்.

நீங்கள் படித்தது அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த 'ஸ்பிரிண்ட்' ஆய்வாக இருக்கும். மேல் எண்ணை 120-க்குக் கீழ் வைத்தவர்களுக்கு லேசான ஞாபகக் குறைபாடு குறைந்தது; டிமென்ஷியாவே குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை வரவில்லை. டிமென்ஷியா இருந்தவர்களை அதில் சேர்க்கவும் இல்லை. வந்துவிட்ட மறதியை பி.பி. மாத்திரை திருப்பாது. உங்கள் அப்பாவுக்கு இன்றைய ஆபத்து, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது. சரி, உங்கள் பி.பி. எவ்வளவு? கடிதத்தில் அதைக் காணோமே.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை ஞாபகத்தை அழித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நிறுத்திவிடவா?
— வாசகர், திருச்சி

பதில்: நிறுத்தாதீர்கள். ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சாப்பிட்ட சிலர் மறதி, குழப்பம் என்று சொன்னது உண்மை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் அதை மருந்துக் குறிப்பில் சேர்த்தது. மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும் தன்மையுடையது என்றும் அதிலேயே சொன்னது. வாட்ஸ்அப் இந்த இரண்டாம் பாதியை வெட்டிவிட்டது. மேலே சொன்ன 14 காரணங்களில் கெட்ட கொலஸ்ட்ரால் 2024-இல்தான் புதிதாகச் சேர்ந்தது. மாத்திரை தொடங்கியபின் மந்தமாக உணர்ந்தால் இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ அவர் மாற்றுவார்.

கேள்வி: ஓய்வுபெற்ற என் கணவர் தினமும் இரண்டு சுடோகு போடுகிறார். மறதி வராமலிருக்க இது போதுமா? மற்ற நேரமெல்லாம் டி.வி.தான், அதுவும் தெருமுனை வரை கேட்கும் சத்தத்தில்.
— வாசகி, சேலம்

பதில்: சுடோகு போடட்டும், கெடுதல் இல்லை. ஆனால் சுடோகு போடப் போட சுடோகுவில்தான் கெட்டிக்காரராவார். சாயங்காலம் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொல்லுங்கள். கேட்புக் குறைவும் அந்த 14-இல் ஒன்று. டி.வி. சத்தத்தை வைத்துப் பார்த்தால், இந்த வாரமே காது டாக்டரிடம் கூட்டிப் போங்கள். போகிற வழியில் பி.பி.யும் பார்த்துவிடலாம், இருவருக்கும்.