சோபாவுக்கு அடியில ஒரு குட்டி: வாசகர் கேள்வி, நம்ம பதில்

கேள்வி: வணக்கம் மேடம். எங்க வீட்டுக்கு ஒரு பெண் நாய்க்குட்டி வந்து 9 நாள் ஆச்சு, வயசு 9 வாரம்னு சொல்லிக் குடுத்தாங்க. வந்த அன்னிக்கு ஓடிப்போய் சோபாவுக்கு அடியில படுத்ததுதான், இன்னிவரைக்கும் அங்கயேதான் இருக்கு. நாங்க யாரும் ஹால்ல இல்லாதப்ப மெதுவா வந்து சாப்பிட்டுட்டுப் போகுது, காலடி சத்தம் கேட்டா திரும்பவும் உள்ள. பையனுக்கு 6 வயசு, பொண்ணுக்கு 10, ரெண்டு பேரும் வருஷக்கணக்கா கேட்டு வந்த குட்டி இது, இப்ப "அம்மா அதுக்கு நம்மள புடிக்கலயா"ன்னு பையன் அழுவுறான். வெளிய எடுத்து மடியில வச்சுக்கிட்டே இருந்தா ரெண்டு நாள்ல பழகிடும்ங்கறார் என் வீட்டுக்காரர். ரெண்டு தடவ அப்படி செஞ்சும் பாத்தாச்சு, உடம்பெல்லாம் நடுங்குது, ரெண்டாவது தடவ மடியிலயே மூத்திரம் போயிடுச்சு. நாங்க எங்க தப்பு பண்றோம்?

பதில்: முதல்ல ஒரு விஷயம், இன்னியோட அந்தக் குட்டிய சோபாவுக்கு அடியிலேர்ந்து இழுக்குறத நிறுத்திடுங்க. கெட்ட எண்ணத்துல யாரும் செய்யலன்னு தெரியும், உங்க வீட்டுக்காரர் பாசத்துலதான் செஞ்சிருக்கார். ஆனா அந்தக் குட்டி பக்கமிருந்து கொஞ்சம் பாருங்க. 9 நாள் முன்னாடி வரைக்கும் அம்மா வயித்தோட சூட்டுல, கூடப் பொறந்ததுங்களோட ஒட்டிப் படுத்துக் கிடந்தது. திடீர்னு ஒரு நாள் எல்லாம் போச்சு, அந்த வாசனை இல்ல, அந்தச் சூடு இல்ல, சுத்தி பெருசு பெருசா கால் நடக்குது, என்னென்னமோ சத்தம். அதுக்குக் கிடைச்ச ஒரே பத்திரமான இடம் சோபா அடி, அங்கயும் ஒரு கை வந்து புடிச்சு இழுத்தா அது என்னதான் செய்யும் பாவம்?

மடியில வச்சா கொஞ்ச நேரத்துல அசையாம இருக்கும், "பாரு, அடங்கிடுச்சு"ன்னு நமக்குத் தோணும். அது அடங்குறது இல்லங்க, பயத்துல ஒறஞ்சு போறது. நானும் ரொம்ப வருஷம் முன்னாடி என் முதல் நாய்க்கு இதயேதான் செஞ்சேன், பழக்குறேன்னு நெனச்சு தெனமும் தூக்கித் தூக்கி வச்சுக்கிட்டேன், அது என் கையப் பாத்தாலே பின்னால போற அளவுக்கு வந்தப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. அதச் சரி பண்ண அஞ்சு மாசம் ஆச்சு. அந்த அஞ்சு மாசத்த நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு, அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

உங்க கடிதத்துல ஒரு நல்ல சேதியும் இருக்கு. யாரும் இல்லாதப்ப வந்து சாப்பிடுதுன்னு எழுதியிருக்கீங்க இல்லயா, அப்ப பசி இருக்கு, வீட்ட சுத்திப் பாக்குற ஆசையும் இருக்கு. அத வச்சே கொண்டு வந்துடலாம்.

சோபா அடிய அடைச்சு விடாதீங்க, அங்கயே ஒரு மெத்துன்னு துணி போடுங்க, தண்ணிக் கிண்ணத்த கிட்ட வைங்க. அப்புறம் ஒருத்தர் மட்டும், ஒருத்தர் மட்டும்தான், சோபாவிலேர்ந்து ரெண்டு மீட்டர் தள்ளி தரையில உக்காருங்க, குட்டிக்கு நேரா மொகத்தக் காட்டாம பக்கவாட்டா. புத்தகம் படிங்க, காய் நறுக்குங்க, என்ன வேணா செய்ங்க, அதக் கூப்பிடாதீங்க, குனிஞ்சு உள்ள எட்டிப் பாக்காதீங்க, முக்கியமா கண்ணுக்குள்ள வெறிச்சுப் பாக்காதீங்க, நாய் பாஷையில அது மெரட்டல். அப்பப்ப அதுக்குப் புடிச்ச தீனிய சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிச்சு சோபா பக்கமா உருட்டி விடுங்க, உருட்டிட்டு நீங்க பாட்டுக்கு படிங்க. பத்து நிமிஷம் போதும், எந்திரிச்சுப் போயிடுங்க. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ இப்படி.

மொத ரெண்டு மூணு நாள் ஒண்ணுமே நடக்காத மாதிரிதான் தெரியும், அப்புறம் ஒரு மூக்கு வெளிய வரும். அந்த நேரத்துல "வந்துடுச்சு வந்துடுச்சு"ன்னு கைய நீட்டிடாதீங்க, தயவுசெஞ்சு. அது வந்து உங்க காலு, துணி, கை எல்லாத்தயும் மோந்து பாக்கட்டும், பாத்துட்டுத் திரும்பிப் போகட்டும். போகவும் முடியும்னு தெரிஞ்சாத்தான் அடுத்த தடவ தைரியமா வரும். அதுவா கிட்ட வந்து நிக்க ஆரம்பிச்சப்புறம் தொடலாம், ஆனா தலை மேல கை வைக்காதீங்க, மேலேர்ந்து எறங்குற கை குட்டிக்கு பயம். நெஞ்சுப் பக்கமோ தோள் பக்கமோ கீழேர்ந்து மெதுவா தடவுங்க, மூணு செகண்ட் தடவிட்டு கைய எடுத்துடுங்க. அது ஒட்டி வந்தா இன்னும் கொஞ்சம் தடவலாம், தலையத் திருப்பிக்கிட்டாலோ தள்ளிப் போனாலோ அன்னிக்கு அவ்வளவுதான்.

அதோட மொகத்தப் படிக்கக் கத்துக்குங்க. தூக்கம் வராத நேரத்துல கொட்டாவி விடுறது, தீனி இல்லாமலே ஒதட்ட நக்குறது, ஒரு முன்னங்காலத் தூக்கிக்கிட்டு நிக்குறது, கண்ணோட வெள்ளை ஓரத்துல பெறை மாதிரி தெரியுறது, காது பின்னால ஒட்டிக்கிறது, வால் வயித்துக்கடியில போறது, இதெல்லாம் "எனக்கு இது தாங்கல"ன்னு அது சொல்றது. வால் ஆடுனா சந்தோஷம்னு மட்டும் நம்பிடாதீங்க, கீழ தாழ்ந்து சின்னதா வேகமா ஆடுற வாலுல பயமும் இருக்கும்.

சரி, அப்படியே விட்டுட்டா அதுவே பழகிடுமான்னா அதுவும் கெடையாது. நாய்க்குட்டிங்களுக்கு ஏறக்கொறைய 3 வாரத்துலேர்ந்து 12, 14 வாரம் வரைக்கும் ஒரு காலம் உண்டு, அப்பப் பாக்குற மனுஷங்க, சத்தம், தரை, பொருள் எல்லாத்தயும் "இது சாதாரணம்"னு மனசுல பதிச்சுக்கும். 1961ல ஃப்ரீட்மன், கிங், எலியட்னு மூணு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வேலி போட்ட திடல்ல மனுஷ வாடையே இல்லாம குட்டிகள வளத்து, வேற வேற வாரத்துல சிலத எடுத்து ஒரே ஒரு வாரம் மட்டும் ஆளுங்களோட இருக்க வச்சுப் பாத்தாங்க. 14 வாரம் வரைக்கும் மனுஷங்கள நெருங்காமலே இருந்த குட்டிங்க அப்புறம் மனுஷங்களக் கண்டாலே மெரண்டுச்சு. உங்க குட்டிக்கு இப்ப 10 வாரம் ஆகியிருக்கும், அந்தக் கதவு இன்னும் தெறந்துதான் இருக்கு. அதனாலதான் தெனமும் உக்காரச் சொல்றேன், உக்கார மட்டும் சொல்றேன்.

இப்ப உங்க பையன். அவன்கிட்ட "அதுக்கு உன்னப் புடிக்காம இல்ல, நீ யாருன்னு அதுக்கு இன்னும் தெரியல"ன்னு சொல்லுங்க. 6 வயசுப் பையனுக்கு சும்மா இருன்னு சொன்னா இருக்க மாட்டான், வேலை குடுங்க. தரையில உக்காந்து குட்டிக்கு கதை படிச்சுக் காட்டுறது அவன் வேலை, மெல்லிசான கொரல்ல. குட்டி கிட்ட வந்தா அவன் "சிலை" ஆயிடணும், அதான் வெளையாட்டு, யாரு அசையாம ரொம்ப நேரம் இருக்காங்கன்னு அக்காகூட போட்டி வைங்க. ஓடுறது, கத்துறது, கட்டிப்புடிக்கிறது, தூங்குற குட்டிய எழுப்புறது நாலும் கூடாது. பெரியவங்க பக்கத்துல இல்லாம பிள்ளைங்களையும் குட்டியையும் ஒரே ரூம்ல தனியா விடவும் கூடாது, இது குட்டி பழகினப்புறமும்தான்.

ஒருவேளை முழுசா ஒரு நாள் சாப்பிடலன்னாலோ, வாந்தி, வயித்தால போறது இருந்தாலோ, தூக்கினா துணி மாதிரி தொவண்டு கெடந்தாலோ அது கூச்சம் இல்ல, ஒடம்பு சரியில்ல, காத்திருக்காம டாக்டர்கிட்ட ஓடுங்க. இந்த வயசுல பார்வோ மாதிரி நோயெல்லாம் மணிக்கணக்குல முத்திடும்.

கேள்வி: எங்க குட்டிக்கு 8 வாரம். பகல்ல பரவால்ல, ராத்திரி லைட்ட அணைச்சா விடிய விடிய அழுவுது. தனி ரூம்ல போட்டு கதவ சாத்துங்க, நாலு நாள் அழுதா தானா அடங்கும்னு பெரியவங்க சொல்றாங்க. எங்களுக்கு மனசு கேக்கல.

பதில்: உங்க மனசு சொல்றதுதான் சரி. பயந்த குட்டிய தனியா போட்டா நாலாம் நாள் அழுக நிக்கலாம், ஆனா கூப்பிட்டா யாரும் வர மாட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டதால நின்னிருக்கும். அப்படி வளந்ததுங்க பின்னாடி நீங்க வாசல்படி தாண்டினாலே பதறிப் போகலாம், தனிமையே ஆகாதுன்னு.

ஒரு பெட்டியோ கூடையோ உங்க கட்டில் பக்கத்துலயே வைங்க, கையத் தொங்கவிட்டா எட்டுற தூரத்துல. அது வந்த எடத்துலேர்ந்து அம்மா வாசனை இருக்குற துணி ஒண்ணு கெடைச்சா அதப் போடுங்க, தொவைக்காம. வெந்நீர் பாட்டில துண்டுல நல்லா சுத்தி ஒரு ஓரமா வச்சா கூடப் பொறந்தது படுத்திருக்குற மாதிரி ஒட்டிக்கும், சூடு பொறுக்கலன்னா தள்ளிப் போறதுக்கு எடம் இருக்கணும். முனகினா கைய எறக்கி வைங்க, போதும். ரெண்டு மூணு வாரம் நிம்மதியா தூங்கினப்புறம் கூடைய தெனம் ஒரு அடியா நகத்தி நீங்க வைக்கணும்னு நெனக்கிற எடத்துக்குக் கொண்டு போயிடலாம்.

இன்னொண்ணு, நடு ராத்திரி அழுகை எல்லாமே பயம் இல்ல, ஒண்ணுக்கு வந்தும் அழுவும். எத்தன மாசமோ அதோட ஒண்ணக் கூட்டினா அத்தன மணி நேரம் அடக்கும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு, அப்ப உங்க குட்டிக்கு 3 மணி நேரந்தான், அதுவும் நல்லா இருந்தா. அலாரம் வச்சு அது அழுவுறதுக்கு முன்னாடியே தூக்கிட்டுப் போங்க, லைட்டு போடாம, பேசாம, வெளையாடாம, முடிச்சதும் திரும்பக் கூடையில.

கேள்வி: பயந்து நடுங்குறப்ப தடவிக் குடுத்தா பயம் இன்னும் அதிகமாகும், பயத்துக்கு பரிசு குடுக்குற மாதிரின்னு படிச்சேன். மிக்ஸி போட்டாலே எங்க குட்டி பாத்ரூம் மூலையில போய் ஒடுங்கிக்குது, பாக்க சகிக்கல. தூக்கலாமா கூடாதா?

பதில்: அதுவா உங்ககிட்ட வந்தா தாராளமா தடவிக் குடுங்க. பயம்ங்கறது ஒரு உணர்ச்சி, அது குட்டி வேணும்னு செய்யுற சேட்டை இல்ல, ஆறுதல் சொன்னா கூடுறதுக்கு. நீங்க பதறாம சாதாரணமா இருந்தா சரி. அது மூலையில இருந்தா மட்டும் தேடிப்போய் தூக்காதீங்க, பக்கத்துல போய் உக்காருங்க.

மிக்ஸிக்கு வேற வழி இருக்கு. அந்தச் சத்தத்த போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, காதுல விழுதா இல்லயான்ற அளவுக்கு கொறச்சு வைங்க, நாய்க்கு காது நம்மளவிட ரொம்ப கூர்மைன்னு மறக்காதீங்க. சத்தம் வந்த ஒடனே தீனி, சத்தம் நின்னா தீனியும் நிக்கணும். இதுல வரிசை ரொம்ப முக்கியம், முதல்ல சத்தம், அப்புறம் தீனி. மாத்தி தீனியக் காட்டிட்டு சத்தம் போட்டா தீனியப் பாத்தாலே பயப்பட ஆரம்பிச்சுடும், நெறைய பேரு இங்கதான் கோட்ட விடுறாங்க. குட்டி சத்தம் கேட்டதும் பயப்படாம "எங்க என் தீனி"ன்னு உங்களத் திரும்பிப் பாத்தா ஒரு புள்ளி மட்டும் கூட்டுங்க. தீனிய வாங்க மாட்டேங்குதுன்னா நீங்க வேகமா போயிட்டீங்க, கொறைங்க. அது முடியுற வரைக்கும் நெசமான மிக்ஸிய குட்டி தோட்டத்துலயோ வேற ரூம்லயோ இருக்குறப்ப ஓட்டிக்குங்க.

கேள்வி: மூணு மாசக் குட்டி, ரொம்ப சாது. நேத்து அது சாப்பிடுறப்ப பையன் கிண்ணத்தத் தொட்டான், உர்ருன்னுச்சு. அவங்க அப்பா மூக்குலயே ஒரு அடி வச்சார். இப்ப அவரக் கண்டாலே ஓடுது. உறுமுறத முளையிலயே கிள்ளணும்ல?

பதில்: உறுமல் அதுக்கு வாய் பேச்சுங்க. "பயமா இருக்கு, தள்ளிப் போ"ன்னு சொல்ல அதுக்கிட்ட வேற வார்த்தை கெடையாது. அந்த வார்த்தைய அடிச்சு நிறுத்தினா பயம் போகாது, சொல்றதுதான் போகும், அப்புறம் ஒரு நாள் சொல்லாமலே கடிக்கும், "சும்மாதான் இருந்துச்சு, திடீர்னு கடிச்சுருச்சு"ன்னு நாம பழி போடுவோம். அதுக்குத் தனியா ஒரு மூலையில சாப்பாடு வைங்க, பையன அந்தப் பக்கம் விடாதீங்க. பெரியவங்க மட்டும், அது சாப்பிடுறப்ப தூரமா நடந்து போறப்பவே அதவிட ருசியான ஒரு துண்ட கிண்ணத்துப் பக்கம் போட்டுட்டு நிக்காம போயிடுங்க. ஆளு வந்தா நம்ம சாப்பாடு போகாது, கூடத்தான் வரும்னு அதுக்குப் புரியட்டும். அவங்க அப்பா ஒரு வாரத்துக்கு மேல பொறுமையா தரையில உக்காரணும், முதல் பதில்ல சொன்ன மாதிரி, நாள் கணக்கு பாக்காம. அதுக்கப்புறமும் ஒடம்பு வெறச்சு நின்னாலோ கடிக்கப் பாய்ஞ்சாலோ நாய் நடத்தை தெரிஞ்ச டாக்டர நேர்ல வரச்சொல்லிப் பாருங்க.

கேள்வி: தடுப்பூசி எல்லாம் முடியுற வரைக்கும் வெளிய கொண்டு போகக் கூடாதுங்கறாங்க. நீங்க சின்ன வயசுலயே எல்லாத்தயும் பாக்கணும்ங்கறீங்க. எதக் கேக்குறது?

பதில்: ரெண்டுமே நடக்கும். ஊசிய 6, 8 வாரத்துல ஆரம்பிச்சு 3, 4 வாரத்துக்கு ஒண்ணா 16 வாரம் வரைக்கும் போடுவாங்க, ஏன்னா தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புசக்தி எந்த வாரத்துல கொறயும்னு ஒவ்வொரு குட்டிக்கும் வேற, அது இருக்குறவரைக்கும் ஊசி சரியா புடிக்காது. ஆனா 16 வாரம் வீட்டுக்குள்ளயே வச்சா பழகுற காலம் முடிஞ்சே போயிடும். அமெரிக்க கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கமே 2008ல சொன்னது, முதல் ஊசியும் வயித்துப் பூச்சி மருந்தும் குடுத்து 7 நாள் ஆனப்புறம் குட்டிங்க மத்த குட்டிங்களோட, ஆளுங்களோட பழகுற பயிற்சி வகுப்புக்குப் போகலாம்னு. உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு தூக்கிக்கிட்டே போங்க. மத்த நாய்ங்க வந்து போற தரையில எறக்காதீங்க. கூச்சக் குட்டிக்கு தெரு முனையில நின்னு பத்து நிமிஷம் வேடிக்கை பாத்தாலே ஒரு நாளைக்குப் போதும், எதிர்ல வர்றவங்க கொஞ்ச வந்தா "இப்ப வேணாங்க, பழகிட்டு இருக்கு"ன்னு தைரியமா சொல்லிடுங்க. வீட்டுக்கு வந்ததும் தூங்க விடுங்க, ஒரு நாளோட பெரும்பகுதி தூங்குற வயசு அது.